ஏலம்: ஒரு வடிவம், இரு சொற்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் இயல்பாக வளரும் நறுமணச் செடி ஏலம். இஞ்சிக் குடும்பத்தைச் சார்ந்தது. தமிழும் மலையாளமும் இதனை ஏலம் என்றே வழங்குகின்றன. வடமொழியில் இது ‘ஏலா’.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ இச்செடியை ‘எலெத்தாரி’ எனப் பதிவுசெய்தது. மலையாள ‘ஏலத்தரி’யின் இலத்தீன் எழுத்துவடிவம் இது, ஏல விதை என்பது பொருள். மேட்டன் 1811இல் இதனையே ‘எலெட்டாரியா’ எனப் பேரினப் பெயராக்கினார். விதையின் பெயர் செடிக்கு ஆகிவந்தது. சித்த மருத்துவத்தின் ‘ஏலரிசி’யோ இன்றும் விதையையே குறிக்கும். அதனை ஏலக்காய் என மொழிபெயர்த்தால் தோலின் எடையும் மருந்தளவில் சேர்ந்துவிடும்.

விற்பனை முறையைக் குறிக்கும் ‘ஏலம்’ வேறு சொல். போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. இதே மூலத்திலிருந்து இந்தி ‘நீலாம்’ என்றும், தெலுங்கு ‘வேலம்’ என்றும், மலையாளம் ‘லேலம்’ என்றும் கொண்டன. லகரம் தமிழில் மொழிமுதல் வாராது. இத்தகைய கடன்சொற்களின் முன் தமிழ் பெரும்பாலும் உயிரெழுத்தைச் சேர்க்கும்: இலாபம், உலோகம். இங்கோ லகரமே கெட்டது. எனவே மலையாளம் ஏலம், லேலம் எனப் பிரித்துக்காட்டும் இரண்டும் தமிழில் ஓருருவாயின. இவை ஒரு சொல்லின் இரு பொருள்கள் அல்ல. பிறப்பால் வேறான இரு சொற்கள். அகராதியில் தனித்தனித் தலைச்சொற்களாக இடம்பெறத்தக்கவை.

ஓருருச் சொற்களின் மயக்கத்தைப் பொதுவாகச் சூழல் நீக்கிவிடும். இங்கு அது போதாது. போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புற்றடியிலும் ஏலக்காய் ஏலமுறையிலேயே விற்கப்படுவதால், இரு சொற்களும் ஒரே சூழலில் வருகின்றன. ‘இவ்வாரம் ஏலம் குறைந்தது’ என்னும் தொடரில் குறைந்தது சரக்கின் வரத்தா, விற்பனை நாள்களின் எண்ணிக்கையா? மலையாளத்தில் பெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

தொகைச்சொற்களும் வினைகளும் ஓரளவு துணைசெய்கின்றன. காய், தோட்டம், மலை என்பன தொடர்ந்தால் செடி. விடு, எடு, கேள் என்பன தொடர்ந்தால் விற்பனை. வேற்றுமை உருபு ஏற்கையில் இரண்டும் அத்துச் சாரியையே பெறுவதால் ‘ஏலத்தின் விலை’ மயக்கத்திலேயே நிற்கும். தமிழில் எழுதுவோர் சரக்கை ‘ஏலக்காய்’ என்றே வழங்கின் இம்மயக்கம் பெரிதும் நீங்கும்.