பிஞ்சு விரல்களும் எழுத்துப் பயிற்சியும்

அம்பிட்டியவிலும் கண்டி நகரிலும் மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கையிற் பென்சிலைக் கொடுத்து, அகரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவிக்கும் பெற்றோர் பலராவர். பிள்ளை அழுகின்றது, எழுத்துக் கோணுகின்றது, ஈற்றில் "மந்தபுத்தி" என்னும் பெயரும் சூட்டப்படுகின்றது. குறை பிள்ளையினுடையதன்று, காலமறியாது தொடங்கிய நம்முடையதே.

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பல்லாண்டுகள் செல்லும். குழந்தை முதலில் தோளை அசைத்தே கிறுக்கும். பின்னரே மணிக்கட்டும் விரல்களும் அதன் ஏவலுக்கு அடங்கும். மூவிரல்களாற் பென்சிலைச் செவ்வையாகப் பிடிக்கும் ஆற்றல் பொதுவாக 4 முதல் 6 வயதுக்குள்ளேயே அமைகின்றது.

ஏடு தொடக்கும் நாளில் அரிசியிலும், பண்டைத் திண்ணைப் பள்ளியில் மணலிலும் விரலால் எழுதுவித்த நம் முன்னோர் வழக்கம் இவ்வியல்புக்கு இயைந்தது. 1789 இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பேற்ற அந்திரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதக் கண்டு, அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார். 1797 இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்த மரியா மொண்டிசோரி அம்மையாரும் 1939 இல் அடையாறு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார்.

இதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை, கோப்பதற்குப் பூ, பூட்டிக் கழற்றப் பொத்தான், பொறுக்குவதற்குப் பயறு ஆகியன போதும். பயறு மூக்கிலோ தொண்டையிலோ புகாதவாறு பெரியோர் அருகிருத்தல் வேண்டும். இரண்டிலையும் மொட்டுமாகக் கொழுந்தெடுக்கும் தாயின் விரலும் இத்தகைய பழக்கத்தினாலேயே வல்லமை பெற்றது. எழுதத் தொடங்குங்கால், நேர்கோடுகளாலான ட, ப என்பவற்றை முற்படக் காட்டி, சுழியும் வளைவுமுடைய எழுத்துகளைப் பின்னர் வைத்தல் நன்று. இடக்கையால் எழுத விழையும் பிள்ளையைத் தடுத்தல் தகாது.

இக்கல்லூரியிற் பயின்று இன்று தந்தையராய் விளங்கும் அன்பர்களை நாம் வேண்டுவது இதுவே: அண்டை வீட்டுப் பிள்ளையின் கொப்பியோடு உங்கள் பிள்ளையின் கொப்பியை ஒப்பிடாதீர்கள். ஈராண்டு பொறுத்தால் எழுத்து வந்துவிடும். எழுத்தின்மேல் வெறுப்பு வந்துவிட்டால் அதனை நீக்குவது எம்போன்ற ஆசிரியர்க்கும் அரிது.