பத்துக் குழந்தைக்கு ஒரு குப்பி

பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றரை மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்து உட்கார்ந்தாள். வரும் புதன்கிழமை குழந்தைக்கு முதல் பென்டா ஊசி, ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி. "பெரியம்மா, அந்த ஊசியில பாதரசம் இருக்காமே, நிஜமா?"

"இருக்கு" என்றேன், டீயை ஆற்றிக்கொண்டே. முப்பது வருஷம் ஊசி போட்டவள் நான். இல்லை என்று சமாளித்திருந்தால் அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவள் நம்பியிருக்க மாட்டாள், நம்பவும் கூடாது.

ஏன் சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பென்டா குப்பி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். பத்து முறை அதற்குள் ஊசி நுழையும். 1928-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் என்ற ஊரில், கிருமி வளராமல் தடுக்க எதுவும் சேர்க்காத தொண்டை அடைப்பான் தடுப்பூசிக் குப்பிக்குள் கிருமி புகுந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட 21 பிள்ளைகளில் 12 பேர் இறந்துபோனார்கள். அந்தப் பன்னிரண்டு பேரை நினைக்காமல் என்னால் தயோமெர்சாலைப் பற்றிப் பேச முடியாது. பாதரசம் கலந்த அந்தப் பொருள் குப்பிக்குக் காவல் இருக்கிறது.

"இருந்தாலும் விஷம்தானே?"

பெயரைப் பார், அளவைப் பார் என்றேன். கள்ளக்குறிச்சியில் 2024-இல் கள்ளச்சாராயம் குடித்த அத்தனை பேரைக் கொன்றது மெத்தனால். வழக்கமான மதுவில் இருக்கும் எத்தனாலும் கெடுதல்தான், ஆனால் உடம்புக்குள் இரண்டும் ஒன்றல்ல. பாதரசத்திலும் அப்படித்தான். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியே மனிதரைச் சிதைத்தது மெத்தில் பாதரசம். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒன்றரை மாதம் போல ஆகும். தயோமெர்சாலில் இருந்து வருவது எத்தில் பாதரசம். கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஏறக்குறைய நான்கே நாளில் பாதியாகிவிடுகிறது. ஒரு ஊசியில் இருப்பது 25 மைக்ரோகிராம் அளவுதான்: ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 25 கூறு. அமெரிக்காவில் 1999-க்குப் பிறகு முன்னெச்சரிக்கையாகக் குழந்தைத் தடுப்பூசிகளில் இதை விலக்கினார்கள். இதனால்தான் வருகிறது என்று சிலர் பயந்த ஆட்டிசம், அதன் பிறகும் அங்கே குறையவில்லை.

அலுமினியத்தையும் கேட்டாள். தாய்ப்பாலில்கூட அலுமினியம் இருக்கிறது என்று சொல்லி வாயடைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. குடலுக்குள் போவதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. ஊசியில் போவது மெல்ல மெல்ல முழுதும் சேரும். சேர்ந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், இதுதான் சரியான பதில். நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பத்தான் அந்த அலுமினிய உப்பு. 1930-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. தொடையில் சிலருக்குக் கட்டி போல் இறுகும். தானே கரையும், தேய்த்துவிடக் கூடாது.

காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் வரலாம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசியில் ஒன்று போலத்தான், ஆனால் வந்தால் சில நிமிஷத்திலேயே தெரியும். அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காக. வீட்டில் வேலை கிடக்கிறது என்று எழுந்து வந்துவிடாதே அம்மா.

டீ ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடாக்கிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னேன்: குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று அர்த்தம்.

"நான் பார்க்கணும்னா நர்ஸம்மா காட்டுவாங்களா?"

"கேளு. நான் வேலையில இருந்தப்போ கேட்ட அத்தனை பேருக்கும் காட்டியிருக்கேன்."