சிதைந்த மடமும் செழித்த பூங்காவும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் என்று அருகிலேயே சுற்றி வருவது எங்கள் ஊர் வழக்கம். சென்ற மே மாதம் சற்றுத் தொலைவாகச் செல்ல எண்ணி, அப்பா, அம்மா, ஆச்சி, தம்பி ஆகியோருடன் பழைய கோவாவைக் கண்டு வந்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி சென்று, கொங்கண் பாதையில் ஓடும் ரயிலில் ஏறி மட்காவ் நிலையத்தில் இறங்கினோம். அங்குக் கண்டவற்றுள் இன்றும் என் மனத்தை விட்டு நீங்காதது புனித அகுஸ்தினார் மடத்தின் இடிபாடுகளே. அதைப் பற்றித் தோழியருக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நெல்லைக்கும் கோவாவுக்கும் உள்ள உறவு

கோவா நமக்கு அந்நிய ஊர் அன்று. 1542ஆம் ஆண்டு மே மாதம் புனித பிரான்சிஸ் சவேரியார் கப்பலில் வந்து இறங்கியது கோவாவில்தான். அதே ஆண்டு அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் கற்றுப் பரதவ மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மணப்பாட்டில் அவர் பெயரால் வழங்கும் கடற்கரைக் குகையை நம்மில் பலர் கண்டிருப்போம். அவருடைய திருவுடல் இன்று பழைய கோவாவின் போம் ஜேசு பசிலிக்காவில் வைக்கப்பட்டுள்ளது. 1594இல் கட்டத் தொடங்கிய அக்கோவில் 1605இல் அர்ச்சிக்கப்பட்டது.

பசிலிக்காவின் எதிரே புனித கத்தரீனம்மாள் பேராலயம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளும், நிழல் தரும் மரங்களும், சீராக அமைந்த நடைபாதைகளும் உள்ளன. தொல்லியல் துறையினர் அப்பூங்காவை அழகுறப் பேணி வருகின்றனர். ஆனால் இப்பசும்புல்லுக்கு அடியில் ஒரு நகரமே மறைந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் இங்குத் தெருக்களும், கடைகளும், மாளிகைகளும் நெருங்கி நின்றன. கொள்ளை நோயும் மலேரியாவும் மக்களை விரட்டின. 1759இல் ஆளுநர் பஞ்சிம் பக்கம் குடிபெயர்ந்தார். 1843இல் தலைநகரமே அதிகாரபூர்வமாக அங்கு மாறியது. வீடுகள் மறைந்தன, கோவில்கள் மட்டும் எஞ்சின. இக்கோவில்களையும் மடங்களையும் 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

புனிதக் குன்றின் மேல்

பசிலிக்காவிலிருந்து மேற்கே சிறிது தூரம் ஏறினால் புனிதக் குன்று வருகிறது. அங்கே வானத்தை நோக்கி ஒற்றைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. சிவந்த செம்புராங்கல்லால் ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட மணிக்கோபுரம் அது. அதிலும் ஒரு பாதி இடிந்து போயிற்று. அதன் பின்னே கூரையில்லாத சுவர்களும், பீடங்களின் அடித்தளங்களும், தரையில் பதித்த கல்லறைக் கற்களும் பரந்து கிடக்கின்றன. சில சுவர்களில் போர்த்துக்கல் நாட்டு வண்ண ஓடுகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அகுஸ்தினார் சபைத் துறவிகள் கோவாவுக்கு வந்தது 1572இல். அருள் அன்னையின் பெயரால் அவர்கள் கட்டிய இக்கோவில் 1602இல் நிறைவுற்றது. கோவிலை ஒட்டித் துறவிகளின் மடமும் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இக்குன்றில் செப ஒலி ஓயவில்லை.

ஏன் இடிந்தது?

“ஏட்டி, இவ்வளவு பெரிய கோவிலை ஏன் இப்படி விட்டுட்டாங்க?” என்று ஆச்சி கேட்டார்கள். பகைவர் எவரும் பீரங்கி வைத்துத் தகர்க்கவில்லை. 1834இல் போர்த்துக்கல் அரசு துறவு சபைகளைக் கலைத்து ஆணையிட்டது. மறு ஆண்டு அந்த ஆணை கோவாவிலும் செயலுக்கு வந்தது. துறவிகள் வெளியேறினர், மடம் வெறுமையாயிற்று. 1842இல் கோவிலின் வளைவுக் கூரை இடிந்து விழுந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன.

இதன் காரணம் கல்லிலேயே இருக்கிறது. நம் ஊர்க் கோவில்கள் கருங்கல்லால் ஆனவை. மழையை எளிதில் தாங்கும். கோவாவின் செம்புராங்கல்லோ துளைகள் நிறைந்தது. வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும். அதன் மேல் சுண்ணாம்புக் காரை பூசி, ஆண்டுதோறும் பழுது பார்த்து வந்தால்தான் அது மழைக்கு நிற்கும். கூரையில் ஒரு சிறு விரிசலை அடைக்க ஆள் இல்லையென்றால் நீர் உள்ளே இறங்கும், செடி வேர் விடும், சுவர் பிளக்கும்.

கோபுரத்தில் இருந்த பெரிய மணிக்கு மட்டும் நல்வாழ்வு கிடைத்தது. முதலில் அக்வாடா கோட்டைக்குச் சென்ற அது, 1871இல் பஞ்சிம் அமலோற்பவ அன்னை ஆலயத்தை அடைந்து, இன்றும் அங்கே ஒலிக்கிறது.

பக்கத்து மடம் நிற்பது எப்படி?

இடிபாடுகளுக்கு மிக அருகில் புனித மோனிக்கம்மாள் கன்னியர் மடம் உள்ளது. அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த பேராயர் மெனேசஸ் 1606இல் இதைத் தொடங்கினார். கலைப்பு ஆணை வந்தபோது புதிய கன்னியரைச் சேர்க்கக் கூடாது என்றனர். இருந்த சகோதரிகளோ அங்கேயே தங்கினர். ஒருவர்பின் ஒருவராக மறைந்து, கடைசிச் சகோதரி 1885இல் இறைவனடி சேர்ந்தார். அம்மடம் இன்றும் கூரையோடு நிற்கிறது. 1964 முதல் அங்கு அருட்சகோதரிகளுக்கான இறையியல் கல்விக்கூடம் நடந்து வருகிறது.

ஒரே குன்று, ஒரே மழை. ஆட்கள் நீங்கிய கோவில் ஏழே ஆண்டுகளில் கூரை இழந்தது. விளக்கேற்ற ஆள் இருந்த மடம் நிலைத்தது. வயது முதிர்ந்த அச்சகோதரிகள் பெரிய செயல் எதுவும் செய்யவில்லை என்று வெளியில் இருப்போர் நினைத்திருக்கலாம். அவர்கள் அங்கே இருந்ததே பெரிய செயல் அல்லவா?

ஓர் அரசியின் திருப்பண்டம்

இந்த இடிபாடுகளுக்குள் வேறு நாட்டுப் புதையல் ஒன்றும் இருந்தது. ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தேவான் பாரசீக மன்னர் ஷா அப்பாசிடம் சுமார் பத்தாண்டுகள் சிறைப்பட்டிருந்தார். கிறிஸ்தவ விசுவாசத்தை விட மறுத்ததால் 1624இல் ஷிராஸ் நகரில் வதைக்கப்பட்டு மறைசாட்சியானார். அங்கிருந்த அகுஸ்தினார் துறவிகள் அவருடைய எலும்புகளுள் சிலவற்றைக் கோவாவுக்குக் கொண்டுவந்து, மடத்தின் சபைக்கூடச் சிற்றாலயத்தில் ஒரு சன்னலருகே கற்பேழையில் வைத்தனர்.

கூரை விழுந்தபின் அந்த இடமே மறந்து போயிற்று. ஆனால் எந்தச் சன்னல் என்பதைப் பழைய போர்த்துக்கீசிய ஏடுகள் குறித்து வைத்திருந்தன. அக்குறிப்பைப் பின்பற்றித் தோண்டிய தொல்லியல் துறையினர் 2004இல் ஒரு கை எலும்பைக் கண்டெடுத்தனர். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் தங்கராஜ் முதலிய அறிவியலாளர்கள் அதன் டி.என்.ஏ.வை ஆராய்ந்தனர். தாய் வழியாக வரும் அதன் கூறு, 20,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மாதிரிகளில் காணப்படவில்லை. ஜார்ஜியர் சிலரிடம் காணப்பட்டது. 2021 ஜூலையில் இந்திய அரசு அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு அளித்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் அரசி தாய்நாடு சேர்ந்தார்.

நம் ஊர் நடராசர்

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோவிலின் ஐம்பொன் நடராசர் 1982இல் களவு போனார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருப்பது கண்டறியப்பட்டு, 37 ஆண்டுகள் கழித்து 2019 செப்டம்பரில் ஊர் திரும்பினார். அன்று ஊரே மகிழ்ந்தது. அரசியைத் திரும்பப் பெற்ற ஜார்ஜிய மக்களும் அப்படித்தான் மகிழ்ந்திருப்பார்கள். சமயம் வேறு, மொழி வேறு. தனக்குரியது திரும்பி வரும் மகிழ்ச்சி மட்டும் எங்கும் ஒன்றே.

தோழியரே, பழைய ஆலயமோ, கல்வெட்டோ, படித்துறையோ இல்லாத ஊர் தாமிரபரணிக் கரையில் இல்லை. அவற்றைக் காக்க நமக்குப் பெரும் பொருள் வேண்டாம். அடிக்கடி சென்று பார்ப்பதும், சுவரில் முளைக்கும் ஆலஞ்செடியைப் பெரியவர்களிடம் சொல்லி அகற்றச் செய்வதும், மூத்தோர் சொல்வதை ஏட்டில் எழுதி வைப்பதும் நம்மால் முடியும். யாரோ ஒரு துறவி எழுதி வைத்த ஒரு வரியால்தான் ஓர் அரசியின் எலும்பு மண்ணிலிருந்து மீண்டது. நாம் இன்று எழுதும் ஒரு வரியும் நாளை யாருக்கேனும் வழி காட்டலாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி