உடம்போடு வந்து பார் – 14: மல்லாந்து கிடக்கும் துரியோதனன்

நிகழ்த்துகலைஞர் நிகில் சோப்ரா தொகுத்த கொச்சி பினாலே கலைவிழா, 2025 டிசம்பர் 12 முதல் 110 நாள். போன வாரம் இவ்வளவு தூரம் வந்திருந்தோம். அந்த விழாவின் காட்சியிடங்களான மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்குள் இந்த வாரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

2019 செப்டம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்பது நாள் இதே சோப்ரா அங்கேயே தங்கி, வேடம் மாற்றி மாற்றி, பெரிய துணியில் நிலக்காட்சி வரைந்திருக்கிறார். அவர் உண்பது, உறங்குவது, கை ஓய்ந்து உட்கார்வது எல்லாமே நிகழ்வில் சேர்த்தி. களைப்பும் அங்கே ஒரு கலைப்பொருள். இதைப் படித்தவுடன் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரதக் கூத்துதான் என் கண்முன் வந்தது.

திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பல ஊர்களில் பதினெட்டு நாள். அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு கீழே காத்திருக்கும் பெண்கள் முந்தானையை ஏந்துவார்கள்.

கடைசிநாள் படுகளம். திறந்த வெளியில் மண்ணைக் குவித்து, நீர் விட்டுக் குழைத்து, துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கிரீடம், முறுக்கு மீசை, விழித்த கண், உடம்பெல்லாம் வண்ணம். ஒருவர் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்துதான் அவனை முழுதாகப் பார்க்க முடியும். தொடைக்குள் சிவப்பு நீர் நிரப்பிய கலயத்தைப் புதைத்திருப்பார்கள். இரவெல்லாம் ஆடி, குரல் கம்மி, அரிதாரம் வழிய வரும் பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடுவார்கள். கூட்டமும் கூடவே ஓடும். முன்வரிசை என்று ஒன்று கிடையாது. தொடையில் அடி விழும், கலயம் உடையும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களும் உண்டு. மிச்சத்தை மழை கரைத்துவிடும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம் என்றால், இரவு ஷிப்ட் முடித்து கம்பெனிச் சட்டையோடு வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஆடுகிறவருக்கும் தூக்கமில்லை, பார்க்கிறவருக்கும் தூக்கமில்லை. தமிழ் வசனத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசிக்கொள்வார்கள்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. கொச்சிக்குப் போகிறவர் கலை பார்க்கப் போகிறார். படுகளத்துக்கு வருகிறவர் வேண்டுதலோடு வருகிறார். ஆனாலும் நேரில் வந்து, நின்று, வெயில் தாங்கினால்தான் கிடைக்கும் என்பது இரண்டுக்கும் பொது. அங்கே நடப்பதற்குச் சமகாலக் கலை என்று பெயர்; இங்கே நடப்பதற்கு நாட்டார் சடங்கு என்று பெயர். இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கவில்லை. இந்த ஆண்டும் புது மண் குழைத்து, புதிதாக உடைக்கிறார்கள். இது எப்படிப் பழங்கலை ஆகும்? மண் துரியோதனனைச் செய்கிறவர்களைச் சிற்பிகள் என்றே அழைக்க வேண்டும். அதற்குத் தக்க கூலியும் கொடுக்க வேண்டும்.

கிடங்குகள் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் பக்கம் பாரதம் நடந்தால் படுகளத்தன்று காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கால் சுடும்.