அடைந்த கதவும் திறந்த உள்ளமும்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் பாரத நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. முதலில் 21 நாட்கள் என்றார்கள். பின்னர் அது நீண்டு மே மாத இறுதி வரையில் சென்றது. மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அந்நாட்களைக் கழித்த வகையை நாம் எல்லோரும் அறிவோம். ரயில் நின்றது, கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் வழக்கமும் நின்றது, சித்திரைப் புத்தாண்டுக்கு மண்டபங்கள் திறக்கவில்லை.

அக்காலத்தில் எங்கும் ஒரு பேச்சு கேட்டது. "இவ்வளவு ஓய்வு கிடைத்திருக்கிறதே, கதை எழுதலாம், படம் வரையலாம், வீணையைத் தூசு தட்டி எடுக்கலாம்!" என்றார்கள். சிலர் அவ்வாறே செய்தனர். பலருக்கோ ஒன்றும் ஓடவில்லை. வெளியே நோயும் அச்சமும் நிலவ, உள்ளே "நம்மால் ஒன்றும் இயலவில்லையே" என்ற குறையும் சேர்ந்துகொண்டது. ஊரடங்கு நீங்கி ஆண்டுகள் கடந்த பின்னும் இதனை ஆராய்வதில் பயனுண்டு. தில்லியில் குளிர்காலப் புகை பள்ளிகளை மூடுகிறது; மும்பையில் பெருமழை தெருக்களை மூழ்கடிக்கிறது; நோயும் முதுமையும் யாரையும் வீட்டில் இருத்திவிடுகின்றன. அடைந்திருக்கும் நாட்கள் நம் வாழ்வில் மறுபடியும் வருவனவே.

நியூட்டனும் ஒரு கட்டுக்கதையும்

ஊரடங்கின்போது அடிக்கடி எடுத்துக்காட்டப் பெற்றவர் ஐசக் நியூட்டன். 1665இல் கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்படவே, அவர் உல்ஸ்தார்ப் என்னும் தம் சிற்றூருக்குச் சென்றார். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். ஒளி, புவியீர்ப்பு, நுண்கணிதம் ஆகியவற்றைப் பற்றிய அவருடைய பெருஞ்சிந்தனைகள் அக்காலத்தில் வளர்ந்தன என்பது உண்மையே. ஆனால் அவர் வெறுங்கையுடன் ஊருக்குப் போகவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே டெக்கார்ட்டின் வடிவகணிதத்தைத் தாமே கற்று, குறிப்பேடுகளில் வினாக்களை எழுதத் தொடங்கியிருந்தார். முன்னரே ஊன்றிய விதை தனிமையில் முளைத்தது. அவருக்குச் சமைத்துப் போடவும் துவைத்துக் கொடுக்கவும் வீட்டில் ஆட்கள் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சிறையிலிருந்து வந்த நூல்கள்

நம் நாட்டு எடுத்துக்காட்டுகள் இதனினும் உருக்கமானவை. 1908ஆம் ஆண்டில் இருவர் தண்டனை பெற்றனர். ஒருவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை, மற்றவர் பம்பாயில் விசாரிக்கப்பட்ட பால கங்காதர திலகர். சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அத்துயரினிடையே ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அவருடைய 'மெய்யறம்' சிறைவாழ்வில் உருவான நூல்; திருக்குறளில் அவருக்கிருந்த நெடுநாட் பயிற்சியே அதன் வேர். திலகர் பர்மாவின் மாண்டலே சிறையில் 'கீதா ரகசியம்' என்னும் பெருநூலைப் பென்சிலால் எழுதினார். அது 1915இல் வெளிவந்தது.

1942இல் தலைவர்கள் பலரை அகமதுநகர்க் கோட்டையில் சிறை வைத்தனர். அங்கே ஜவாஹர்லால் நேரு 1944இல் சில மாதங்களில் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வை எழுதி முடித்தார். அதற்கிடையே மண்வெட்டி பிடித்துத் தோட்ட வேலையும் செய்தார். அதே கோட்டையில் மௌலானா அபுல் கலாம் ஆசாத், அனுப்ப இயலாத கடிதங்களைத் தம் நண்பருக்கு எழுதி வந்தார். 'குபாரே காதிர்' என்னும் உருது நூலாக வெளிவந்த அக்கடிதங்களில் அவர் எதைப் பற்றியெல்லாம் எழுதுகிறார்! அதிகாலையில் தாமே தயாரித்துப் பருகும் தேநீர் ஒன்று. அறைக்குள் கூடு கட்ட வந்த சிட்டுக்குருவிகள் மற்றொன்று. கண்ணெதிரே இருந்ததை ஊன்றிப் பார்த்தார். கேட்பதற்கு ஒரு நண்பரை மனத்தில் இருத்திக்கொண்டார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

வீடு சிறையன்று, ஒப்பிடுவதும் அளவோடு இருக்க வேண்டும். ஆயினும் இவர்களிடம் நாம் கற்கத்தக்கவை உள்ளன. இவர்கள் முன்னரே பயின்ற துறையில் உழைத்தனர். சிறு சாதனங்களைக் கொண்டு தொடங்கினர். யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிந்திருந்தனர்.

யாருக்கு ஓய்வு?

இங்கே ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். ஊரடங்கில் எல்லோருக்கும் ஓய்வு கிடைத்தது என்பது மெய்யன்று. வேலை இழந்த தொழிலாளர் பல்லாயிரவர் பெருஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர். தாராவி போன்ற பகுதிகளில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருந்த நம்மவர்க்குத் தனிமை என்பது எட்டாக்கனி. நடுத்தர வீடுகளிலும் நிலைமை என்ன? கணவரின் அலுவலகம் வீட்டுக்குள் வந்தது; பிள்ளைகளின் பள்ளியும் வீட்டுக்குள் வந்தது; வேலைக்கு வரும் அம்மாளோ வர இயலவில்லை. மூன்று வேளைச் சமையலும் பாத்திரம் துலக்குவதும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுந்தன. அந்த அம்மையார் பாடத் தெரிந்தவராயிருக்கலாம், எழுத வல்லவராயிருக்கலாம். அவருடைய கலை நின்று போனதற்குக் காரணம் ஊக்கக் குறைவு என்று யாரே கூறுவர்?

ஆகையால், இல்லத்தில் கலை வளர வேண்டுமாயின் முதலில் வேலையைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். நாளில் ஒரு மணி நேரம் ஒவ்வொருவருக்கும் தனியுரிமை என்று வீட்டில் முடிவு செய்யலாம். அந்நேரத்தில் அவரை யாரும் அழைத்தலாகாது. தனி அறை இல்லாதார்க்கும் தனி நேரம் உண்டாக வழியுண்டு.

எல்லையே துணை

அடுத்து, பணியின் எல்லையைச் சிறியதாக்கிக் கொள்ளல் நன்று. ஃப்ரெஞ்சு எழுத்தாளர் சேவியர் தெ மேஸ்திர் 1790இல் துரின் நகரில் 42 நாள் வீட்டுக்காவலில் இருந்தார். தம் அறையைச் சுற்றிப் பயணம் செய்வதாகவே ஒரு நூல் எழுதினார். அதில் அத்தியாயங்களும் 42! நம் பெண்மணிகள் இதனை நெடுங்காலமாக அறிவர். அடுக்குமாடி வீட்டின் வாசலில் இரண்டு சாண் இடமே கிடைக்கிறது. அவ்விடத்தில் ஒரே புள்ளி வரிசையை வைத்து ஏழு நாளைக்கு ஏழு கோலம் வரைந்து பார்க்கலாம். இடம் குறையக் குறையக் கை புதுவழி தேடும்.

இணையவழி இசை பயின்றோரும் இதனைக் கண்டனர். ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட இயலவில்லை. ஆசிரியர் பாடி நிறுத்துவார். மாணவர் தனியே பாடிக் காட்டுவார். கூட்டத்தில் ஒளிந்து பாடிய பிள்ளை தன் குரலைத் தானே கேட்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. 2020ஆம் ஆண்டின் மார்கழிக் கச்சேரிகளைச் சென்னைச் சபாக்கள் இணையவழி வழங்கியபோது, வடபுலத்து நம் குடும்பங்களும் வீட்டிலிருந்தே கேட்டு மகிழ்ந்தன.

நமக்கே உரிய பணி

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இத்தகைய நாட்களில் சிறப்பான பணி ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெரியோர் வாயில் நெல்லைச் சொல்லும் தஞ்சைச் சொல்லும் பாலக்காட்டுச் சொல்லும் இன்னும் உயிரோடிருக்கின்றன. பாட்டியின் தாலாட்டு, வடகம் பிழியும் பக்குவம், ஊர்க்குளத்தின் பெயர், முதன்முதலில் ரயிலேறி வந்த நாளின் நினைவு ஆகியவை எந்த நூலகத்திலும் இல்லை. பேரன் கேட்க, பாட்டி சொல்ல, கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். பின்னர் அதனைத் தமிழில் எழுதச் சொல்லலாம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தயங்கும் பிள்ளைகட்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. எழுத்துப்பிழைகளை அன்றே திருத்த முனைய வேண்டாம். நூறு பிழையோடு எழுதப்பட்ட பாட்டி கதை, எழுதப்படாத கதையினும் மேலானது.

சோர்வு மிகுந்த நாளில் ஒன்றும் எழுதாமல் இருப்பதும் குற்றமன்று. நோயுற்ற வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதே அன்றைய கலை. உள்ளம் தெளிந்த நாளில் ஒரு பக்கம் எழுதுவோம், ஒரு கோலம் இடுவோம், ஒரு பாட்டைப் பதிவு செய்வோம். பெரியோரின் நினைவு நமக்காக நெடுநாள் காத்திராது. இந்த வார விடுமுறையிலேயே அவர்கள் அருகில் அமர்ந்து முதல் வினாவைக் கேட்போமாக.