நெருப்புக்கு எந்தக் கல் பிடிக்கும், தெரியுமா?

மார்கழிக் குளிரிலும் பாதி ராத்திரியில் போர்வையை உதறிவிட்டு ஃபேனைத் தேடுகிற ஊர் இரும்பை. திண்டிவனம் – புதுச்சேரி சாலையிலிருந்து சற்றே உள்ளே, ஆரோவில்லை ஒட்டிக் கிடக்கிற செம்மண் பூமி. இங்கே ஒருவர் வீட்டுக்குள் ஃபயர்பிளேஸ் கட்டப் போகிறேன் என்றால் கொத்தனாரே சிரித்துவிடுவார். ஆனால், அந்தக் கணப்பைச் சுற்றிப் பதிப்பதற்காக உலகம் முழுக்கப் பணக்கார வீடுகள் கேட்லாக் புரட்டித் தேடுகிற சரக்கில் பெரும்பகுதி இந்த ஊரைச் சுற்றியே இருக்கிறது, தெரியுமா? கறுப்புக் கல் இருக்கிறது, சுட்ட மண் இருக்கிறது, சுடாத மண் இருக்கிறது. தீயில் போட்டாலும் எரியாத மரம்கூட இருக்கிறது!

முதலில், வெடித்த கல்லிலிருந்து தொடங்குவோம். இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் தொண்டை நாட்டின் 32 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. சம்பந்தர் பாடிய ஊர். மூலவர் லிங்கம் மூன்றாகப் பிளந்தது என்றும், அதைச் செப்புத் தகட்டால் பிணைத்து வழிபடுகிறார்கள் என்றும் தலவரலாறு சொல்கிறது. பிளந்ததற்குக் காரணம் கடுவெளிச் சித்தர். அவருடைய தவத்தின் சூட்டில் மழையே பொய்த்துப் போனதாம். தவத்தைக் கலைக்க வந்த நடனப் பெண், சருகு தின்று கிடந்தவர் கையில் அப்பளத்தை வைத்துப் பழக்கினாளாம். பிறகு ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே அவள் காற்சிலம்பு கழல, சித்தர் எடுத்து மாட்டிவிட, ஊர் கேலி பேச, அவர் பாட, கல் வெடித்தது. அப்பளத்தில் தொடங்கி லிங்கத்தில் முடிகிற கதை வேறு எந்த ஊருக்கு உண்டு?

கதை இருக்கட்டும். சூட்டில் கல் நிஜமாகவே வெடிக்கும், தெரியுமா? கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். சரியாக 573 டிகிரி செல்சியஸ் தொட்டதும் அந்தக் குவார்ட்ஸ் படிகம் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று பருத்துவிடும். பக்கத்துத் துகள்களுக்கு இடம் பத்தாது. மேல்தோல் செதில் செதிலாகத் தெறிக்கும். இதையே தொழிலாக்கிவிட்டார்கள். போர்ட்டிகோவில் வழுக்காமல் இருக்கப் பதிக்கிறோமே ஃபிளேம்டு கிரானைட், அதன் சொரசொரப்பு உளி கொத்தியது அல்ல. பலகையின் மேல் தீநாக்கை ஓட்டிக் குவார்ட்ஸை வெடிக்க வைத்த தழும்பு அது!

ஆகவே அடுப்பின் வயிற்றுக்குள் கிரானைட் கூடாது. வெளிமுகத்தில் பதிக்கலாம், அங்கே அவ்வளவு சூடு ஏறாது. அதிலும் திண்டிவனம் பக்கத்துக் குன்னத்தில் வெட்டுகிற கறுப்புக் கல் இருக்கிறதே, வியாபாரத்தில் குன்னம் பிளாக் என்று பெயர். கடையில் அதையும் கிரானைட் என்றுதான் சொல்வார்கள். கல்லியல்காரர்களுக்கு அது டோலரைட். குவார்ட்ஸ் மிகச் சொற்பம் என்பதால் நெருப்புக்குப் பக்கத்தில் கிரானைட்டைவிட அமைதியாக இருக்கும். செஞ்சி மலைப் பாறையும் இதுவும் ஒரே மாவட்டத்துப் பாறைகளாகப் பழகினாலும் குணம் வேறு. வாங்கும்போது ஒரு சின்ன சோதனை: சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமும் எண்ணெயும் பூசிக் கறுப்பு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் அசிட்டோன் விட்டு ஒரு மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

குவார்ட்ஸ் ஸ்லாப் என்று மாடுலர் கிச்சன் கடையில் மின்னுகிறதே, அதை மட்டும் தீயருகே கொண்டுபோகவே வேண்டாம். கல்தூளைப் பிணைத்திருப்பது பிசின். 150 டிகிரி தாண்டினாலே நிறம் மாறத் தொடங்கும்.

அடுத்தது சலவைக்கல். ஐரோப்பாவில் கணப்பு என்றாலே சலவைக்கல் சட்டம்தான் கௌரவம். ஆனால் அந்தக் கல்லின் படிகத்துக்கு ஒரு விசித்திரம்: சூடேறினால் ஒரு திசையில் நீளும், இன்னொரு திசையில் சுருங்கும். மீண்டும் மீண்டும் சூடும் குளிரும் பட்டால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளித் தளர்ந்து பலகையே வளையும். நம்ப முடியவில்லையா? ஹெல்சிங்கி நகரின் பின்லாந்தியா அரங்கு முழுக்க இத்தாலியக் கராரா சலவைக்கல் போர்த்தியிருந்தார்கள். வெயிலும் பனியும் பட்டுப் பலகைகள் அப்பளமாக வளைந்தன. கழற்றிவிட்டு 1990களின் கடைசியில் புதிதாகப் பதித்தார்கள். அதுவும் வளைந்தது!

அதே பின்லாந்துக்காரர்கள் வீட்டுக்குள் கணப்பு கட்ட எந்தக் கல்லை நம்புகிறார்கள், தெரியுமா? உங்கள் பாட்டி வத்தக்குழம்பு வைத்த கல்லை! ஆமாம், கல்சட்டி. நாம் மாக்கல் என்கிறோம். நகத்தால் கீறினால் கோடு விழும், தொட்டால் சோப்பு மாதிரி வழவழக்கும். ஆனால் நேரே விறகு நெருப்பில் வைத்தாலும் அசையாது. சேலம், ஓமலூர் பக்கம் கடைந்து விற்கிற அதே இனத்துக் கல்லை அங்கே ஆள் உயரத்துக்கு அடுக்கி, சாயங்காலம் இரண்டு மணி நேரம் விறகு எரித்துவிட்டு அணைத்துவிடுகிறார்கள். வாங்கிய சூட்டை மறுநாள் வரைக்கும் கல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கி மணை மேல் வைத்த பிறகும் கல்சட்டியில் குழம்பு தளதளவென்று கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. புதுச் சட்டியை எடுத்த எடுப்பில் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும் என்று மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, சுடு கஞ்சி ஊற்றி ஊற்றிப் பழக்குவார்கள் அல்லவா? புதுக் கணப்புக்கும் அதே சட்டம்தான். முதல் நாளே கட்டை கட்டையாகத் திணிக்காமல், சின்னச் சின்ன நெருப்பாகப் போட்டு, கட்டுமானத்தில் இருக்கிற ஈரத்தை மெதுவாக வெளியே அனுப்ப வேண்டும். எனக்குத் தேர்வு செய்யும் உரிமை கொடுத்தால் ஓட்டு மாக்கல்லுக்குத்தான்.

ஆனால் ஓட்டெடுப்பை இரும்பைத் தெருவில் வைத்தால் வெல்லப்போவது மண்! விறகடுப்பு போடுகிற ஆயாவைக் கவனித்திருக்கிறீர்களா? ஏரிக் களிமண்ணில் செம்மண்ணைக் கலந்து ராத்திரியே ஊறப்போடுவார். காலையில் பொடியாக நறுக்கிய வைக்கோலைத் தூவி, காலால் மிதித்து மிதித்துப் பதம் பார்ப்பார். உருட்டிப் பிடித்த மண் விரல் விட்டதும் தளர்ந்தால் இன்னும் கொஞ்சம் செம்மண். வாய் வைத்து, மேலே மூன்று குமிழ் வைத்து, நிழலில் காயவிட்டு, வெடிப்பு தெரிந்த இடத்தில் குழைத்த மண்ணைத் தேய்த்து, கடைசியில் சாணி மெழுகி ஒரு செங்காவிப் பட்டை.

“ஏன் ஆயா, சிமெண்டு பூசிட்டா ஒரேயடியா நிக்குமே?”

“சிமெண்டு வெக்கை தாங்காது கண்ணு. பொரிஞ்சி கொட்டிடும். மண்ணுன்னா வேகவேக இறுகும்.”

இந்தப் பதிலுக்குள் ஒரு பாடப்புத்தகமே இருக்கிறது, தெரியுமா? சிமெண்டுக்குப் பலம் தருவது அதற்குள் கட்டுண்ட தண்ணீர். சில நூறு டிகிரி ஏறினால் அந்தத் தண்ணீர் வெளியேறிச் சிமெண்டு உதிரும். களிமண்ணோ அதே சூட்டுக்கு மேலே போகப்போக மண் என்ற நிலையை விட்டு ஓடாக மாறும். சரி, வைக்கோல் எதற்கு? காயும்போது வெடிப்பைப் பிடித்து நிறுத்த. எரியும்போது? அது சாம்பலாகிப் போன இடத்தில் நுண்ணிய ஓட்டைகள் மிஞ்சும். காற்று அடைத்த அந்த ஓட்டைகள் சூட்டை வெளியே விடாது. உலைகளுக்குள் அடுக்குகிற விலை உயர்ந்த இன்சுலேஷன் செங்கல்லைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள்? களிமண்ணில் மரத்தூளைக் கலந்து சுட்டு, தூளை எரித்துவிட்டுத்தான்! ஆயாவின் வைக்கோல் வித்தை அங்கே பேக்கிங்கோடு வருகிறது. பெரிய அடுப்பின் தீ வீணாகாமல் பக்கத்து வாய்க்குப் பாய்கிற கொடியடுப்பு இன்னொரு கில்லாடித்தனம். ஒரே விறகில் சோறும் வேகும், குழம்பும் சுண்டும்.

வீட்டையே சூளையாக்கிச் சுட்ட ஆள் ஒருவர் இருக்கிறார், தெரியுமா? புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ரே மீக்கர். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதிர் கலீலியின் யோசனையைப் பிடித்துக்கொண்டு 1980களின் நடுவில் இறங்கினார். பச்சைச் செங்கல்லாலும் மண் சாந்தாலும் குவிமாடத்தோடு வீட்டைக் கட்டுவது. அறைகளுக்குள்ளே சுட வேண்டிய செங்கல்லையும் மண் சாமான்களையும் அடுக்குவது. வாசல்களை அடைத்து நாள்கணக்கில் தீ மூட்டுவது. ஆறிய பிறகு திறந்தால் உள்ளே விற்பனைக்குச் சரக்கு தயார், வெளியே குடியிருக்க வீடும் தயார்! ஆரோவில்லில் அப்படிப் பிறந்த வீட்டுக்கு அக்னி ஜாதா என்றே பெயர். அந்த வீட்டுக்குள் ஒரு கணப்பு வைத்தால் அதற்குத் தனியாக என்ன சட்டம் கட்டுவது? சுவர் மொத்தமும் நெருப்பைப் பார்த்த மண்தானே.

நேர் எதிர்த்திசையில் போனதும் இதே ஆரோவில்தான். அங்குள்ள மண் கட்டுமான நிறுவனத்தில் செம்மண்ணோடு ஏறத்தாழ 5 சதவீதம் சிமெண்டு சேர்த்து, இரும்பு அச்சில் அமுக்கி, சுடாமலே கல் எடுக்கிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை, நான்கு வாரம் ஈரம் காத்தால் போதும். அந்தக் கல்லால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. கணப்பின் புறச்சுவருக்கு இந்தக் கல் அழகாக அமையும். தீ நேரே நக்குகிற இடத்தில் மட்டும், ஆயா சொன்ன காரணத்துக்காகவே, சுட்ட செங்கல்லை அடுக்கிக் களிமண் சாந்து வையுங்கள். இரண்டு செங்கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் வேகாத கல். ஆத்தங்குடி டைல்ஸும் சூளையே பார்க்காத சரக்கு. சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் கண்ணாடிப் பலகையில் பிடித்த பூக்கோலம். தள்ளி வைத்து ரசிக்கலாம்.

இந்தப் பொருள், அந்தப் பொருள் என்று நாம் குழம்புகிறோம். எதுவுமே வேண்டாம் என்றார் ஒரு ராஜா! விழுப்புரம் – செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குடைவரை வெட்டினார். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை அடித்துக்கொண்டார். விசித்திரசித்தன் என்ற பட்டத்துக்குப் பொருத்தமான ஆள்தான்.

அவர் தள்ளிவைத்த நான்கில் கணப்புக்கு உண்மையான எதிரி மரம். மேலே அலமாரி மாதிரி ஒரு தேக்குப் பலகை நீட்டினால்தான் ஃபயர்பிளேஸுக்கே களை என்பார்கள். அமெரிக்கக் கட்டட விதி என்ன சொல்கிறது, தெரியுமா? அடுப்பு வாயைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. 12 அங்குலம் வரைக்கும், வாயிலிருந்து தள்ளிப் போகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரைக்கால் அங்குலம்தான் மரம் முன்னே நீட்டலாம். தரையில் வாய்க்கு முன்னால் குறைந்தது 16 அங்குலம், பக்கவாட்டில் 8 அங்குலம் எரியாத கல்லோ ஓடோ பரப்ப வேண்டும்.

எரியவே எரியாத மரம் வேண்டுமா? இரும்பை இருக்கிற அதே வானூர் வட்டத்துத் திருவக்கரைக்குப் போங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. நார் இருந்த இடத்தில் நார் மாதிரியே சிலிக்கா. கணுவும் வளையமும் அப்படியே தெரியும், தட்டினால் கல் சத்தம். 1781இலேயே சோன்னரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் குறித்துவைத்த இடம். ஆனால் கனவை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காக்கிற தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். ஒரு சில்லைக்கூடப் பைக்குள் போடக்கூடாது.

கணப்பு நிஜமாகவே எரிகிற தமிழ்நாட்டைப் பார்க்க மலையேற வேண்டும். ஊட்டியில் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவுக்குப் பின்னால் வரிசையாக எழுந்த வீடுகளில் அறைக்கு அறை கணப்பு. அவற்றின் பசிக்குச் சோலை மரங்கள் போதாமல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரத்தையும் சீகை மரத்தையும் மலை முழுக்க நட்டார்கள். இன்று ஊட்டி என்றாலே மூக்கில் ஏறுகிற யூகலிப்டஸ் வாசனைக்கு ஒரு காரணம் வெள்ளைக்காரர் வீட்டுக் குளிர்! அந்தப் பழைய கணப்புகளில் வாய் சின்னதாக, ஆழம் குறைவாக, பக்கச்சுவர் சாய்வாக இருந்தால், அது ரம்ஃபோர்ட் பாணி. 1796இல் ரம்ஃபோர்ட் பிரபு எழுதிய கட்டுரை சொன்னது இவ்வளவுதான்: சுவரைச் சாய்த்தால் சூடு அறைக்குள் திரும்பும், புகைப்போக்கியின் தொண்டையை ஒடுக்கினால் புகை மேலே போகும். சுற்றிலும் என்ன சலவைக்கல் ஒட்டினாலும் இந்தச் சாய்வு சரியில்லையென்றால் சூடெல்லாம் வானத்துக்கு.

மறுபடி கீழே இறங்கி வந்தால் இரும்பைக்குப் பக்கத்தில் இன்னொரு அதிசயம். எரிவதே இல்லாத அடுப்பு! ஆரோவில் சோலார் கிச்சனின் மொட்டை மாடியில் 15 மீட்டர் விட்டத்தில், சிறு சிறு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய ஒரு கிண்ணம் மல்லாந்து கிடக்கிறது. கிண்ணம் அசையாது. அது குவிக்கிற வெயிலைத் துரத்திப் பிடிக்க மேலே ஒரு நீண்ட குழாய்தான் நாள் முழுக்க நகர்கிறது. அந்தக் குழாயின் சூட்டில் பிறக்கிற நீராவி கீழே இறங்கி நூற்றுக்கணக்கானோருக்குச் சோறு வேகவைக்கிறது. கரி இல்லை, சாம்பல் இல்லை, சுற்றுக்கல் பதிக்க வாயே இல்லை. மேகம் மூடினால் மட்டும் டீசல் கொதிகலனைப் போட்டுவிடுவார்கள்.