செம்மண்ணின் கையிருப்பு

மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் படியும் உப்பு கடல் தந்த பொருள் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அவ்வுப்பிலுள்ள சோடியத்தின் பெரும்பகுதி ஆதியில் நிலத்துப் பாறைகளில் இருந்ததே. மழைநீர் அதைக் கரைத்தது. ஆறுகள் கடலில் சேர்த்தன. அவ்வாறு சத்துக் கரைந்துபோன நிலம் எவ்வாறிருக்கும் என்பதற்கு, தெற்கே வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் எஞ்சி நிற்கும் காடுகளும் கோயில் தோப்புகளும் சான்று.

வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சினால் காட்டு மண்ணினுள் கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். அது மழைநீரில் கலந்து மெல்லிய அமிலமாகிறது. இதுவும், சருகு மக்குவதால் தோன்றும் அமிலங்களும் கல்லைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. பெல்ஸ்பார் என்னும் கனிமம் வெண்களியாக மாற, அதிலிருந்த சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நீரோடு இறங்கிவிடுகின்றன. இரும்போ பிராணவாயுவுடன் கூடித் துருவாய்த் தங்குகிறது; செம்மண்ணின் சிவப்பு இத்துருவே. வெங்கச்சங்கல் மணலாய் எஞ்சும். நீரில் கரையும் சிலிக்கா என்ன செய்யும் என்று காண விரும்புவோர் திருவக்கரைக்கு ஒருமுறை சென்று வரலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்களை அது கல்லாக்கி வைத்திருக்கிறது.

அம்மேட்டின் அடித்தளமாகிய கடலூர் மணற்கல், முன்னரே ஒருமுறை சிதைந்து நீரில் உருண்டு வந்த மணல்தான். ஆகவே கையிருப்பு சொற்பம். மரங்களுக்குக் கீழிருந்து புதிதாய்க் கிடைப்பது குறைவு. சருகிலும் மேல்மண்ணிலும் சுழல்வதே பெரிது. சருகைக் குப்பையென்று கூட்டி அள்ளுவதும், சாலைக்கு மண் வேண்டுமெனத் தோப்பை ஒட்டிய மேட்டை வெட்டுவதும் அச்சுழற்சியை அறுப்பனவாம். அத்தகைய மதிப்பீடுகளில் நாமும் கையொப்பமிட்டதுண்டு.

அமெரிக்காவில் ஹப்பர்டு புரூக் காட்டில், அமில மழை பல்லாண்டுகள் கழுவிச் சென்ற சுண்ணாம்புச் சத்தைப் பாறைச் சிதைவால் ஈடுசெய்ய இயலவில்லை. 1999-இல் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கல்மாவை ஹெலிகாப்டரிலிருந்து தூவி ஆராய்ந்தனர். நம் ஊராட்சிகளுக்கு ஹெலிகாப்டர் ஏது? சருகை விட்டுவைப்பதற்கோ காசு வேண்டுவதில்லை.

இதே மண்ணில் நிலக்கடலை பயிரிடுவோர் ஒன்றைக் கருத வேண்டும். வெண்களிக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவாதலின், சாம்பல் சத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டாது பிரித்து இடுதல் நலம். விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், காய் திரள வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.